காலடி படாத மண்

அக்கா, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்கிறீர்களா? கீழே கண்ணாடி இருக்கிறது. போர்வையில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். இருந்தாலும் இந்த ரோட்டை நம்ப முடியாது.

படம் அக்கா. சாமிப் படம் இல்லை, மணல் படம். ஆமாம், வெறும் மணல்தான். மணலும் ஒரு பனைமரமும். சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். இதைப் பார்க்கத்தான் ரெவின்யூ ஆபீஸ் ஆர்.டி.ஓ. இன்று என்னை வரச் சொல்லியிருக்கிறார். எடுத்தவள் அசல் படத்தோடு நேரில் வரவேண்டும் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் ஆபீஸ் என்று போனதெல்லாம் சாதிச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும்தான். அதற்கே பயந்துகொண்டுதான் போனேன்.

கொஞ்சம் மெதுவாகப் பேசலாம் அக்கா. முன்னால் டிரைவர் பக்கத்தில் பெண்கள் கூட்டமாக இருக்கிறார்களே, எல்லோரும் எங்கள் ஊர்தான். எல்லோரும் அதே ஆபீசுக்குத்தான் போகிறார்கள். ஜன்னலோரத்தில் பச்சைச் சேலை தெரிகிறதா? அது என் அம்மா. ஒரே நிறுத்தத்தில்தான் ஏறினோம். அவர்கள் முன்வாசல், நான் பின்வாசல். மாசி மாதத்திலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வைப்பாள். தட்டைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டால் சாப்பிட வா என்று அர்த்தம்.

நீங்கள் ராஜபாளையமா? தங்கச்சி வீட்டுக்கு வந்தீர்களா? அப்படியானால் தேரி பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஊருக்கு மேற்கே முழுக்கத் தேரிதான். சிவப்பு மணல் மேடு மேடாக, கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும். செங்கல்லை இடித்துச் சலித்துக் கொட்டினதுபோல இருக்கும். அங்கங்கே பனை, உடைமரம், கொல்லாமரம், அதுதான் முந்திரி. நடுவில் எங்கள் சாஸ்தா கோவில். தேரியைத் தாண்டினால் வாய்க்கால், வாழைத்தோட்டங்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அங்கேதான் வேலை. விடியக் கருக்கலில் தேரிக்குள் இறங்கினால் மேஸ்திரி ஆள் பிரிப்பதற்கு முன்னால் போய்விடலாம். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை.

அந்தப் பாதை கண்ணுக்குத் தெரியாது அக்கா. அதுதான் விஷயமே. மற்ற ஊரில் நடக்க நடக்கப் பாதை விழும். தேரியில் நடந்த தடத்தைச் சாயங்காலக் காற்று வந்து மூடிவிட்டுப் போய்விடும். காலையில் பார்த்தால் நேற்று யாருமே நடக்காததுபோல இருக்கும். பிறகு எப்படிப் போவார்கள் என்கிறீர்களா? மரத்தைப் பார்த்துத்தான். சாஸ்தாவுக்குப் போகிறபோது வழியில் உள்ள பனைகளில் ஓலையைக் கீறி முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார்கள். மஞ்சள் துணியும் சேர்த்துக் கட்டுவார்கள். முடிச்சு இருக்கிற மரத்திலிருந்து அடுத்த முடிச்சு மரத்துக்கு நடப்பதுதான் பாதை.

இன்னொன்றும் உண்டு. ஆடிக்காற்றில் முகத்தைத் திருப்பினால் கண்ணில் மண் அடித்துவிடும். அதனால் வரிசையில் முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நின்று, "வாரியா?" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். பின்னால் வருகிறவர் "வாரேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் அடுத்த அடி வைக்க மாட்டார். சின்னப்பிள்ளையாக இருந்தபோது நான் வேண்டுமென்றே சொல்லாமல் நிற்பேன். அம்மாவும் அப்படியே நிற்பாள். திரும்பவே மாட்டாள். கடைசியில் எனக்குத்தான் பயம் வந்து கத்துவேன்.

படத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

என் பெயர் சுயம்புக்கனி. பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான் முதல். படிப்பு முடிந்து ஸ்டுடியோவில் வேலை. கல்யாண ஆல்பம் போடுவது. கண் மூடியிருந்தால் வேறு படத்திலிருந்து கண் எடுத்து ஒட்டுவேன். கல்யாணத்துக்கு அப்புறம் சண்டை போட்ட மாமாக்களை எடுத்துவிடச் சொல்வார்கள், எடுத்துவிடுவேன். ஒருமுறை மாப்பிள்ளையின் சித்தப்பாவை எடுத்துவிட்டேன். ஆல்பம் அச்சாகி வருவதற்குள் சமாதானமாகிவிட்டார்கள். "எங்க சித்தப்பா எங்கட்டி?" என்று மாப்பிள்ளை ஸ்டுடியோவில் வந்து நின்றான். இப்படியே ஒரு வருஷம். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. பொய்யாக இருந்தது. நான் பொய்க்குப் பயப்படுகிறவள் அக்கா. சின்ன வயதிலிருந்தே.

அப்போதுதான் அந்தப் போட்டி வந்தது. நிலக்காட்சிப் படம் மட்டும். கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது. கேமராவில் விழுந்த மூலப்படத்தைப் பரிசோதித்துப் பார்ப்பார்கள். கேட்டதும் எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. உண்மையான வேலை. முதலாளியின் பழைய கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்ன எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. தேரிதான்.

படம் என்றால் போய் நின்று அமுக்குவது என்று நினைக்கிறார்கள். நான் முதலில் பேப்பரில் வரைந்து பார்த்தேன் அக்கா. கூம்பாக ஒரு பெரிய மேடு, அதன் சரிவில் ஒற்றைப்பனை. காலை வெயில் கிழக்கேயிருந்து தாழ்வாக வந்தால்தான் மணலின் அலைகள் நிழலோடு எழும்பித் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் காற்று அடித்திருக்க வேண்டும். அடித்து முடிந்ததும் லேசாகச் சாரல் விழ வேண்டும். விழுந்தால் மணல் கருஞ்சிவப்பாகும், அலை கலையாமல் நிற்கும். சாரல் கூடினால் அலை கரைந்துவிடும். மறுநாள் கிழக்கில் மேகம் இருக்கக் கூடாது. இவ்வளவும் சேர்ந்து வருகிற நாள் ஆடியில்தான் உண்டு. எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. தினமும் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் சேர்ந்தாலும் ஒரு இடைஞ்சல். கருக்கலில் பெண்கள் அந்த மேட்டு வழியாகத்தான் நடந்து போவார்கள். சூரியன் அதற்கு அப்புறம்தான் வரும். சூரியன் வரும்போது என் மணல் முழுக்கக் கால்தடம். உழுது போட்டதுபோல.

அம்மாவிடம் சொன்னேன். "ஆடி மட்டும் வண்டிப்பாதை வழியா சுத்திப் போகச் சொல்லும்மா."

"ஆடி பூராவுமா?"

"எந்த நாள் அமையும்னு தெரியாதுல்லா."

அன்று சாயங்காலமே அம்மா, தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரையும் வீட்டு வாசலுக்குக் கூட்டிவந்துவிட்டாள். கருப்பட்டிக் காப்பி போட்டாள். ராஜகனி மைனிதான் முதலில் வாயைத் திறந்தாள். எனக்குப் பெரியப்பா மகன் பொண்டாட்டி. அவளுக்குச் சபையில் வாய் நிற்காது.

"ஏட்டி சுயம்பு, நாங்க நடந்தா மண்ணுக்கு வலிக்குமோ?"

"வலிக்காது மைனி. படத்துல தடம் விழும்."

"தடம் விழுந்தா என்ன? மனுசன் நடக்காத இடத்தை எடுத்து எவன் பாக்கப் போறான்?"

"அதைத்தான் மைனி பாக்காங்க. அப்படித்தான் போட்டியில கேக்காங்க."

"பாத்தியளா? நாம குறுக்க வந்தா பரிசு இல்லியாம். இம்புட்டு அழகா இருக்கோம், நம்மள வேண்டாங்குதா."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "படிச்ச பிள்ள கேக்குது. நம்ம பிள்ளதான" என்றாள். அதற்குமேல் யாரும் மறுக்கவில்லை. நான் யாரையும் தடுக்கவில்லை அக்கா, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். வண்டிப்பாதை சுற்றுதான், ஒத்துக்கொள்கிறேன். இன்னும் சீக்கிரம் எழுந்து உலை வைக்க வேண்டும். அம்மா எப்படியும் சீக்கிரம் எழுகிறவள்தான். முட்டிவலி அப்போதே உண்டு. அது இதனால் வந்தது இல்லை.

மரத்திலும் ஒரு சங்கடம் இருந்தது. ஒற்றைப்பனையில் ஓலைமுடிச்சுகளும் மஞ்சள் துணியும் தொங்கிக்கொண்டிருந்தன. பழசும் புதுசுமாக. கேமராவில் பார்த்தால் குப்பை மாட்டினதுபோல இருக்கும். எனக்கு அவிழ்க்கப் பயம். சாமி காரியம் இல்லையா? அம்மாவையே அவிழ்க்கச் சொன்னேன். சாஸ்தாவை நினைத்துக் கும்பிட்டுவிட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டாள். படம் எடுத்து முடிந்ததும் திரும்பக் கட்டிவிடலாம் என்றுதான் சொல்லியிருந்தேன். அப்புறம் வேலை, போட்டி, அது இது. காட்சியில் படம் எடுப்பவர் எதையும் தொடக் கூடாது என்று விதி. நான் தொடவில்லை. அதில் சுத்தமாக இருக்கிறேன்.

அந்த ஆடி எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். தினமும் இருட்டோடு போய் மேட்டுக்கு எதிரே கேமரா முக்காலியை ஊன்றி உட்கார்ந்திருப்பேன். காற்று அடித்த நாளில் சாரல் இல்லை. சாரல் விழுந்த நாளில் மேகம். ஒருநாள் எல்லாம் அமைந்தது, நடுவில் ஒரு நரி ஓடிவிட்டது. இன்னொரு நாள் மயில். மயில் அழகுதானே என்கிறீர்கள். அழகுதான், ஆனால் அதன் கால்? மூன்று விரல் மூன்று விரலாக மேடு முழுக்கக் கோலம் போட்டுவிட்டது. திரும்பி வந்து ஸ்டுடியோவுக்குக் குளித்து ஓடுவேன். மத்தியானம் மானிட்டர் முன்னால் தூங்கி விழுவேன். முதலாளி, "உன் மணல் எங்கயும் போயிராது, இந்தப் பொண்ணோட மூக்குத்தியைக் கொஞ்சம் மினுக்கு" என்பார்.

ஒருநாள் வந்தது அக்கா. அந்த நாளை நினைத்தால் இப்போதும் அசதிதான் வருகிறது. காற்று, சாரல், கிழக்கு எல்லாம் சொல்லிவைத்ததுபோல. மணல் ரத்தம் உறைந்ததுபோல இருந்தது. அலையின் ஒவ்வொரு வரிக்கும் கீழே நீலமாக நிழல். சூரியன் எட்டிப் பார்க்கிறது. விரலை வைத்துவிட்டேன். அப்போது இடது பக்கத்திலிருந்து அம்மா வருகிறாள்.

அவளுக்கு முந்தின ராத்திரி காய்ச்சல். எழுந்திருக்க நேரமாகிவிட்டது. மற்றவர்கள் வண்டிப்பாதையில் போய்விட்டார்கள். சுற்றிப் போனால் மேஸ்திரி ஆள் பிரித்துவிடுவார். அதனால் நேரே தேரியில் இறங்கிவிட்டாள். தலையில் தூக்குவாளி. நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நடந்திருக்கலாம். நடக்கவில்லை. பழக்கம். மரத்தைப் பார்த்துத்தான் கால் போகும். முடிச்சு இல்லாவிட்டாலும் காலுக்குத் தெரிந்திருக்கிறது. மேட்டில் ஏறி, சரியாக என் படத்தின் நடுவில், மரத்துக்கு அருகில் போய் நின்றாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "வாரியா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. மூச்சு விட்டால்கூடக் கேமரா அசையும் அக்கா. தானாகப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அப்படியே நின்றாள். வெளிச்சம் ஏறிக்கொண்டே போகிறது. அவள் நிழல் நீளமாக விழுந்து என் அலைகளை எல்லாம் குறுக்கே வெட்டுகிறது. நானும் சொல்லவில்லை, அவளும் நகரவில்லை. ஆத்திரத்தில் விரலை அமுக்கிவிட்டேன். அதற்குள் சூரியன் மேலே போய்விட்டது. அதற்கப்புறம்தான், "போயேம்மா!" என்று கத்தினேன். அம்மா இறங்கி வாழைத்தோட்டத்துப் பக்கம் போனாள். அன்றைக்கு அவளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஆடி முடிகிற வாரத்தில் வேறொரு நாள் அமைந்தது. அதுதான் இந்தப் போர்வைக்குள் இருக்கிற படம். உண்மையைச் சொன்னால் அம்மா வந்து கெடுத்த அன்று இருந்த வெளிச்சம் இதில் இல்லை. ஆனால் சுத்தமான மணல். ஒரு எறும்புத் தடம்கூடக் கிடையாது. கார்த்திகையில் முதல் பரிசு என்று சொன்னார்கள். சென்னையில் ஒரு பத்திரிகையில் படப்பிரிவில் வேலையும் அதனால்தான் கிடைத்தது. சித்திரையில் சேர வேண்டும். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். ராஜகனி மைனி என் கன்னத்தைக் கிள்ளி, "நாங்க குறுக்க வராம இருந்ததுக்கு எங்களுக்கும் பாதிப் பரிசு உண்டும்" என்றாள். அம்மா பேப்பரில் வந்த படத்தை அரிசிப் பானைக்கு மேலே ஒட்டினாள். பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "சாஸ்தா வழி எங்க போச்சி இதுல?"

"வழி தெரியாததுதாம்மா படமே" என்றேன்.

அப்புறம்தான் அந்த ரிசார்ட்டுக்காரர்கள் வந்தார்கள். மேட்டையும் சுற்றியுள்ள பனங்காட்டையும் வெளியூரில் இருக்கிற பட்டாக்காரரிடம் வாங்கியிருக்கிறார்கள். பாலைவனத்தில் தங்குவதுபோலக் கூடாரம் போடப் போகிறார்களாம். மேனேஜர் என்னைத் தேடி ஸ்டுடியோவுக்கே வந்தார். உங்கள் படம் வேண்டும், உங்கள் பெயரைப் போடுகிறோம் என்றார். நான் சரி என்றேன். நல்ல படத்தை நாலு பேர் பார்ப்பது நல்லதுதானே.

போர்டு வைத்தார்கள். போய்ப் பார்த்தேன் அக்கா. வயிறு எரிந்துவிட்டது. வலது பக்கத்தை வெட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் காலியாக இருப்பதால்தான் மரம் தனியாகத் தெரியும், அந்தக் காலிக்காகத்தான் நான் ஒரு மாதம் உட்கார்ந்தேன். சிவப்பைக் கூட்டிவிட்டார்கள், குங்குமம் கொட்டினதுபோல. என் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'மனிதக் காலடி படாத மண்' என்று எழுதியிருந்தது. படத்தை இப்படிக் கெடுப்பார்களா? அதை ஊரில் யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால், "பேர் போடலைன்னா என்னட்டி, கம்பிவேலி போட்டுட்டானே" என்கிறார்கள். அவர்களுக்கு அவர்கள் கவலை.

ஆமாம், வேலி. தை மாதம் வேலி போட்டார்கள். மேட்டைச் சுற்றி வளைத்து. பெண்கள் போய் நின்றால் காவல்காரன் விடவில்லை. அன்றிலிருந்து தினமும் வண்டிப்பாதைதான். பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது, பிந்திப் போகிறவர்களை மேஸ்திரி எடுப்பதில்லை. அம்மாவுக்கும் முட்டி வீங்கிவிட்டது. பங்குனி உத்திரம் வருகிறது, சாஸ்தாவுக்குப் போக வழி இல்லை. ஊர்க்காரர்கள் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்தார்கள். பரம்பரையாக நடக்கிற வழி, திறந்துவிடச் சொல்லுங்கள் என்று.

ரிசார்ட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? என் படத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். பாருங்கள், இங்கே பாதையே இல்லை, ஒரு கால்தடம்கூட இல்லை, மரத்தில் முடிச்சு கட்டுவோம் என்கிறார்கள், முடிச்சு எங்கே? எடுத்தது அதே ஊர்ப் பெண், பரிசு வாங்கிய படம், கம்ப்யூட்டரில் திருத்தாதது என்று சோதித்தே கொடுத்த பரிசு. அதோடு போன ஆடி முழுக்க இவர்கள் வண்டிப்பாதையில்தான் போனார்கள், வாழைத்தோட்டத்து வாட்ச்மேன் சாட்சி. அப்போது போக முடிந்தவர்கள் இப்போது போனால் என்ன?

இப்படிச் சொன்னால் ஆர்.டி.ஓ. என்ன செய்வார்? படம் எடுத்தவளை வரச் சொல்லுங்கள் என்றுவிட்டார்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோவில் தர்மகர்த்தா லிங்கதுரை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். "எம்மா, நீ ஒண்ணும் பெருசா சொல்லாண்டாம். அந்தப் படம் பொய்யின்னு ஒத்த வார்த்தை சொல்லிரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. "படம் பொய்யில்ல அண்ணாச்சி. ஒரு புள்ளிகூட நான் மாத்தல" என்றேன்.

"அப்ப நாங்க நடக்கது பொய்யா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"பின்ன எதைத்தான் சொல்லுத?"

ராஜகனி மைனி கூட்டத்திலிருந்து, "அவளுக்கு மண்ணுதான் சொந்தம், நாமெல்லாம் தடம்" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்துதான் பேச்சு இல்லை.

மேனேஜரும் போன் செய்தார். "நீங்க எங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டாம்மா. படம் உண்மையானதுன்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்றார். பாருங்கள், அவர்கள் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. என் ஊர்தான் சொல்லச் சொல்கிறது. நான் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் எந்தப் பக்கமும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். படத்தைத் திருத்தினாயா என்றால், இல்லை. நீதான் எடுத்தாயா என்றால், ஆமாம். அவ்வளவுதான். களைத்துப்போய்விட்டேன் அக்கா. இந்த ஒரு படத்துக்காக நான் பட்ட பாட்டில் பாதிகூட யாருக்கும் தெரியாது.

அந்தச் சின்னப் படமா? அது இந்த உறையிலிருந்து விழுந்திருக்கும். எடுத்துப் பாருங்கள், தப்பில்லை. அது வேஸ்ட். லேபில் கலர் சரிபார்க்க முதலில் அதைத்தான் பிரிண்ட் போட்டார்கள், வெளிச்சம் அதில் நன்றாக இருக்கிறது என்று. ஆமாம், அதுதான் அம்மா. தூக்குவாளியோடு. நிற்கிறாள் பாருங்கள், தேர் நிலைக்கு வந்து நின்றதுபோல. பின்னால் தெரிகிறதே, கீழேயிருந்து மேடு ஏறி மரம் வரைக்கும் கோடு மாதிரி, அது அவள் கால்தடம். அந்தக் கோடுதான் கெடுத்துவிட்டது. நேராக மரத்துக்கே இழுத்துக்கொண்டு போகிறது கண்ணை.

இந்தப் படம் நன்றாக இருக்கிறதா? நீங்கள் என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறீர்கள்.

என்ன சொல்கிறீர்கள்? உங்களிடம் சொன்னதை எல்லாம் அப்படியே ஆர்.டி.ஓ.விடம் சொல்லவா? பெண்களைச் சுற்றிப் போகச் சொன்னது, முடிச்சு அவிழ்த்தது, எல்லாமா? அக்கா, அது படம் எடுத்த கதை. அதற்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. படத்தைப் பற்றித்தானே கேட்கிறார்கள். ஆபீசில் போய்க் கதையா சொல்வார்கள்? அதுவும் மரத்தில் கை வைத்தது தெரிந்தால் போட்டிக்காரர்கள் பரிசைத் திரும்பக் கேட்பார்கள். பரிசு போனால் சென்னை வேலை போகும். நான் கை வைக்கவில்லை, அம்மாதான் வைத்தாள் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அம்மாவை வேறு கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவள் ஒளிக்கத் தெரியாதவள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். கேட்காமலே இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. எழுந்திருக்காதீர்கள் அக்கா, அவசரமில்லையே உங்களுக்கு? அவர்கள் எல்லோரும் இறங்கட்டும். படி காலியாகட்டும். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் இறங்க முடியாது. கொஞ்சம் பொறுத்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான்.

லிங்கதுரை அண்ணாச்சி இறங்கிவிட்டார். ராஜகனி மைனி இறங்குகிறாள், அங்கேயும் யாரையோ வம்புக்கு இழுக்கிறாள். அம்மாதான் கடைசி. முட்டி மடங்காது, அதனால் எல்லோரையும் முன்னால் விட்டிருப்பாள்.

ஏன் நிற்கிறாள்? படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு. இறங்க வேண்டியதுதானே. வலியாக இருக்குமோ?

கேட்டதா அக்கா உங்களுக்கு?

வேறு யாரையும் இல்லை. என்னைத்தான். மாசியிலிருந்து இதுதான் முதல் வார்த்தை. திரும்பினாளா பார்த்தீர்களா? திரும்ப மாட்டாள். கண்டக்டர், "எம்மா, எறங்குங்க, வண்டியத் திருப்பணும்" என்கிறார். அவர் விசில் அடித்தாலும் சரி, போலீசே வந்தாலும் சரி, நான் சொல்லாமல் அடுத்த அடி வைக்க மாட்டாள்.

கொஞ்சம் எழுந்து வழி விடுங்கள் அக்கா. அந்தப் போர்வை முனையைத் தூக்கிக் கொடுங்கள். அந்தச் சின்னப் படத்தையும் கொடுங்கள். இல்லை, அது வேஸ்ட்தான், ஆபீசில் காட்டுகிற படம் இல்லை. அம்மா அதில் நன்றாக நிற்கிறாள், அவ்வளவுதான். உறைக்குள் வேண்டாம், மேலே வையுங்கள். நான் கையிலேயே பிடித்துக்கொள்கிறேன்.

"வாரேன், எம்மா! இந்தா வாரேன்."